விலையா, மைலேஜா, பிக்கப்பா? கார் வாங்கப் போற வாசகர்களோட கேள்விகளும் பதில்களும்

இந்த தடவை வந்த கேள்விகள்ல முக்கால்வாசி புது கார் பத்திதான், அதனால மத்ததை அடுத்த இதழுக்கு தள்ளிட்டேன், கோவிச்சுக்காதீங்க. கணக்கு போட்ட எல்லா இடத்துலயும் பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், டீசல் 92.50, சிஎன்ஜி கிலோ 90னு வச்சிருக்கேன். உங்க ஊர் பங்க்ல விலை வேறயா இருந்தா அதைப் போட்டுக்கோங்க.

*நானும் என் கணவரும் ஸ்கூல் டீச்சர்ஸ், இதுதான் எங்க முதல் கார். ஆன்ரோடு 11 லட்சம் தாண்ட முடியாது. அப்பா டீசல் எடுத்தாதான் மைலேஜ்னு சொல்றார், கணவர் டர்போ பெட்ரோல்னு ஒத்தக்கால்ல நிக்கிறார், கொழுந்தனார் சிஎன்ஜி எடுக்காதவன் முட்டாள்னு சொல்றார். ஸ்கூலுக்கு போய் வர தினம் 24 கிலோமீட்டர், மாசத்துக்கு ஒரு தடவை திருச்சி மாமியார் வீடு. யார் சொல்றதை கேக்கறது? (வாசகி, நாமக்கல்)*

மேடம், நீங்க எந்த காரைப் பாக்குறீங்கன்னு எழுதறதுக்கு முன்னாடி எவ்ளோ ஓட்டுறீங்கன்னு எழுதிட்டீங்க, அதுக்கே உங்களுக்கு ஒரு கும்பிடு, ஏன்னா பத்துல ஒன்பது பேர் அதைத் தவிர எல்லாத்தையும் எழுதுறாங்க. உங்க ஓட்டம் ஸ்கூல், திருச்சி, கடை கண்ணி, கல்யாணம் காட்சி எல்லாம் சேத்தா மாசம் 800 கிலோமீட்டர். இனி வீட்ல யார் எது சொன்னாலும் இந்த 800ஐ வச்சுத்தான் பேசணும்.

முதல்ல அப்பா. ஒரே கார்ல பெட்ரோலும் டீசலும் இருந்தா டீசல் விலை லட்சத்துக்கு மேலயே கூட இருக்கும், 1.4 லட்சம்னு வைங்க. சின்ன எஸ்யூவி டைப் வண்டி நம்ம ரோட்ல லிட்டருக்கு பெட்ரோல்ல 13, டீசல்ல 18 கிலோமீட்டர் கொடுக்குதுன்னா கிலோமீட்டருக்கு பெட்ரோல் 7.77 ரூபாய், டீசல் 5.14, அதாவது ஒரு கிலோமீட்டர் ஓட்டினா 2.63 மிச்சம். 1.4 லட்சத்தை இந்த 2.63ஆல வகுத்துப் பாருங்க, 53,000 கிலோமீட்டர் ஓட்டினாத்தான் போட்ட காசே திரும்பி வரும், மாசம் 800ன்னா அஞ்சரை வருஷம் ஆகும், அதுலயும் அந்த கூடுதல் விலைக்கு கட்டின ரோடு டாக்ஸ், லோன் வட்டி, டீசல் சர்வீஸ்ல கூட ஆகுற செலவு எதையும் நான் சேக்கல. மாசம் 2,000 கிலோமீட்டர் ஓட்டுறவருக்கு இதே கணக்கு ரெண்டேகால் வருஷத்துல முடிஞ்சிடும். அப்பா காலத்துல பெட்ரோலுக்கும் டீசலுக்கும் விலை வித்தியாசம் ரொம்ப பெருசு, அவர் சொன்னது அன்னிக்கு சரி. இன்னொன்னும் இருக்கு, பிஎஸ்6ங்கிற புகை விதிப்படி வர்ற டீசல் வண்டில புகைக்கரியைப் பிடிக்கிற டிபிஎஃப்னு ஒரு ஃபில்டர் உண்டு, அது சூடாகி கரியை எரிச்சுத் தள்ளணும்னா அப்பப்போ ஹைவேல கொஞ்ச நேரம் நிறுத்தாம ஒரே வேகத்துல ஓடணும். தினம் 12 கிலோமீட்டர் போய் நிறுத்தி, சாயங்காலம் 12 வந்து நிறுத்தினா அது அடைச்சுக்கிட்டு டேஷ்போர்டுல லைட் போட ஆரம்பிக்கும்.

கொழுந்தனார் கிட்ட வருவோம். பெட்ரோல்ல 18 கொடுக்குற ஹேட்ச்பேக் சிஎன்ஜில கிலோவுக்கு 25 கொடுக்குதுன்னு வைங்க, கிலோமீட்டருக்கு ரெண்டு ரூபாய் மிச்சம். சிஎன்ஜி வேரியன்ட்டுக்கு 95,000 கூட கொடுத்தா 47,500 கிலோமீட்டர்ல சமமாகும். உங்களுக்கு அஞ்சு வருஷம். டிக்கில பெரும்பாலும் சிலிண்டர் உக்காந்துக்கும், மாமியார் வீட்லருந்து வர்ற அரிசி மூட்டையும் தேங்காயும் பின்சீட்டுலதான் வரணும்.

கணவர் கேக்கறது வேற விஷயம், அவர் காசு மிச்சம் பண்ற கதையே பேசல, நேர்மையான மனுஷன். சாதா 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 18 கொடுக்கும், காத்தை அமுக்கி உள்ள அனுப்பி கூட பவர் எடுக்குற டர்போ 14 கொடுக்கும்னு வச்சா மாசம் 800 கிலோமீட்டருக்கு கிட்டத்தட்ட 1,300 ரூபாய் பெட்ரோல்ல கூட போகும், வண்டி விலையும் கூட. மாசம் 1,300 ரூபாய் ஓட்டுற சந்தோஷத்துக்குன்னு ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டா எடுங்க, அதுல தப்பே இல்ல. என்னைக் கேட்டா நாமக்கல் திருச்சி ரோட்டுக்கு 80-90 பிஎஸ் (எஞ்சின் பவரோட அளவு) இருக்க 1.2 பெட்ரோல் மேனுவல் தாராளம், பக்கத்துல கொல்லிமலை இருக்குன்னு 70 கொண்டை ஊசி வளைவுக்காக யாரும் வருஷம் முழுக்க டர்போக்கு காசு கட்ட வேண்டியதில்ல, வருஷத்துல ரெண்டு தடவை செகண்ட் கியர்ல பொறுமையா ஏறிக்கலாம். மிஞ்சுற காசுக்கு ஆறு ஏர்பேக், வண்டி சறுக்காம பிடிச்சு நிறுத்துற இஎஸ்பி, ரியர் கேமரா இருக்க வேரியன்ட் வருதான்னு பாருங்க.

*ஒரு எஸ்யூவில எனக்கு புடிச்ச வேரியன்ட் 9.90 லட்சம், அதுக்கு அடுத்தது சன்ரூஃபோட 10.10 லட்சம், ரெண்டும் எக்ஸ் ஷோரூம், அதாவது ரோடு டாக்ஸ், இன்சூரன்ஸ் சேக்காத விலை. வெறும் 20,000தான் சார் வித்தியாசம், யோசிக்காதீங்கன்னு ஷோரூம் பையன் தினமும் போன் பண்றான். எடுக்கவா? (வாசகர், திருப்பூர்)*

சார், கொஞ்சம் யோசிங்க. தமிழ்நாட்டுல 2023 நவம்பர்லருந்து கார் ரோடு டாக்ஸ் 5 லட்சம் வரைக்கும் 12 சதவீதம், 10 லட்சம் வரைக்கும் 13, 10 தாண்டி 20 லட்சம் வரைக்கும் 18, அதுக்கு மேல 20. இது மொத்த விலைக்கும் சேத்து போடுறது, தாண்டின பகுதிக்கு மட்டும் இல்ல. 9.90க்கு டாக்ஸ் 1,28,700. 10.10க்கு 1,81,800. ஆக அந்த 20,000க்கு பின்னாடி 53,100 ஒளிஞ்சுக்கிட்டு நிக்குது, மொத்தம் 73,100. அதோட 10 லட்சம் தாண்டுற காருக்கு ஒரு சதவீதம் டிசிஎஸ்னு, அதாவது முன்கூட்டியே பிடிக்கிற வருமான வரின்னு, 10,100 பிடிப்பாங்க, அதை வருமான வரி ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம், ஆனா வண்டி எடுக்குற அன்னிக்கு கையில இருந்து போகும். 73,000 ரூபாய்க்கு நம்ம ஊரு வெயில்ல தொறந்து வைக்க ஒரு ஜன்னல், உங்க இஷ்டம்.

இதே மாதிரி இன்னொரு கோடு ஜிஎஸ்டில இருக்கு. 2025 செப்டம்பர் 22லருந்து 4 மீட்டருக்குள்ள இருக்க காரு, பெட்ரோல்னா 1,200 சிசி, டீசல்னா 1,500 சிசிக்குள்ள இருந்தா 18 சதவீதம், இதுல ஒன்னு தாண்டினாலும் 40. மாருதி பிரெஸ்ஸா 4 மீட்டருக்குள்ளதான் இருக்கு, ஆனா எஞ்சின் 1,462 சிசி பெட்ரோல், அதனால 40ல போய் உக்காந்துடுச்சு. 1.2 டர்போ பெட்ரோலும் 1.5 டீசலும் வச்சு நெக்ஸான், எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ எல்லாம் 18ல இருக்கு. எஞ்சின் ஏன் சின்னதாவே இருக்கு, வண்டி மூக்கு ஏன் சப்பையா இருக்குன்னு கேக்கறவங்களுக்கு பாதி பதில் இந்த வரில இருக்கு.

*அண்ணா, நான் வேலைக்கு சேந்து ரெண்டு வருஷம் ஆச்சு, ஸ்விஃப்ட் எடுக்கலாம்னு இருக்கேன். ஆனா புது ஸ்விஃப்ட்ல பவர் கொறச்சுட்டாங்க, மூணு சிலிண்டர் ஆக்கிட்டாங்க, வண்டி இழுக்காதுன்னு ஃப்ரண்ட்ஸ் கிண்டல் பண்றாங்க. அதே காசுக்கு 120 பிஎஸ் நெக்ஸான் பேஸ் வேரியன்ட் வருது. எது பெஸ்ட்? (வாசகர், கோயம்புத்தூர்)*

தம்பி, ஃப்ரண்ட்ஸ் சொன்னதுல நம்பர் சரி. பழைய நாலு சிலிண்டர் எஞ்சின் 90 பிஎஸ், 113 என்எம் டார்க் (இழுக்குற சக்தி). 2024ல வந்த மூணு சிலிண்டர் 82 பிஎஸ்ஸுக்கு ஒரு நூல் கம்மி, டார்க் 111.7. அதுக்கு பதிலா கம்பெனி மைலேஜ் 22.38ல இருந்து 24.8 ஆச்சு. அதாவது பிக்கப்ல கொஞ்சம் எடுத்து மைலேஜ்ல போட்டிருக்காங்க. டார்க் கிட்டத்தட்ட அப்படியே இருக்கறதால ஊருக்குள்ள காந்திபுரம் டிராஃபிக்ல உங்களுக்கு வித்தியாசமே தெரியாது, ஆர்பிஎம்மை (எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்துதுங்கிறது) மேல ஏத்தி விரட்டும்போதுதான் பழசு நல்லா பாடும்.

பிஎஸ்ங்கிறது எஞ்சின் மூச்சு முட்ட ஓடும்போது கிடைக்கிற உச்சம், நெக்ஸானோட 120 பிஎஸ் 5,500 ஆர்பிஎம்லதான் வருது, நீங்க தினமும் ஆபீஸ் போறப்போ அந்தப் பக்கமே போக மாட்டீங்க. ஆனா அதே எஞ்சினோட 170 என்எம் டார்க் 1,750லயே வந்து 4,000 வரைக்கும் நிக்குது, ஸ்விஃப்ட்டுக்கு அதோட உச்ச டார்க்கு 4,300ல. டவுன்ல நாம ஓட்டுறதே 1,500ல இருந்து 3,000குள்ளதான், அதனால நாலு பேரை ஏத்திக்கிட்டு ஏசி போட்டு மேடு ஏறும்போது கியரைக் கொறைக்காம இழுக்கறது டர்போதான். மறுபக்கம், ஸ்விஃப்ட் எடை 900 கிலோ சொச்சம், நெக்ஸான் அதை விட ரெண்டு மூணு மூட்டை சிமென்ட் இல்ல, அஞ்சு ஆறு மூட்டை கூட. அந்த கூடுதல் பவர்ல ஒரு பங்கு தன் உடம்பைத் தூக்கவே போயிடும். 1,500 ஆர்பிஎம்முக்கு கீழ டர்போ தூங்கிக்கிட்டு இருக்கும், அப்போ அழுத்தினா ஒரு செகண்ட் யோசிச்சுட்டுத்தான் கிளம்பும், ஸ்பீடு பிரேக்கர் தாண்டி எடுக்கும்போது இது கொஞ்சம் கடுப்பு.

அதனால நம்பரை வச்சு முடிவு பண்ணாம டெஸ்ட் டிரைவ் ஒழுங்கா போங்க. ஷோரூம்காரன் காலியா இருக்க ரோட்ல ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போய் கொண்டாந்து விடுவான், அதுக்கு பேர் டெஸ்ட் டிரைவ் இல்ல. வீட்ல இருக்க பெரிய ஆளுங்க நாலு பேரை ஏத்துங்க, ஏசியை முழுசா வைங்க, ஒரு பாலத்து ஏத்தத்துல வண்டியை நிறுத்தி எடுங்க, செகண்ட் கியர்ல ஊர்ந்து போய் அழுத்திப் பாருங்க, அப்புறம் ஹைவேல 60ல தேர்ட் கியர் போட்டு 90 வர எவ்ளோ நேரம் எடுக்குதுன்னு கவனிங்க. ரெண்டு வழி ரோட்ல லாரியை ஓவர்டேக் பண்ண உங்களுக்கு வேண்டியது இந்த 60-90தான், பத்திரிகைக்காரங்க போடுற 0-100 இல்ல. நீங்க தனியா, டவுனுக்குள்ள, அப்பப்போ ஊருக்குன்னா ஸ்விஃப்ட் போதும். மாசா மாசம் நாலு பேரோட ஹைவே, வால்பாறைன்னு சுத்துற கும்பலா இருந்தா டர்போ, ஆனா பெட்ரோல் பில்லைப் பார்த்து அப்புறம் எனக்கு லெட்டர் போடக் கூடாது, டவுன்ல பத்து பன்னெண்டுதான் வரும்.

*பிரவுச்சர்ல 25னு போட்டிருந்தான், எனக்கு 16 தாண்டல. ஏமாத்துறாங்களா? (வாசகர், மதுரை)*

ஏமாத்தல, ஆனா அந்த 25 வேற உலகத்து 25. வண்டியை உருளை மேல ஏத்தி வச்சு, ஏசியை அணைச்சுட்டு, சுமார் இருபது நிமிஷம், 90 தாண்டாம ஒரு குறிப்பிட்ட ஓட்டத்துல ஓட்டி எடுக்குற நம்பர் அது. அதுல சிம்மக்கல் சிக்னல் கிடையாது, மே மாச வெயில் கிடையாது, குறுக்க வர்ற ஷேர் ஆட்டோ கிடையாது. அதை ரெண்டு காரை ஒப்பிட மட்டும் வச்சுக்கணும், நிஜ மைலேஜ் வேணும்னா டவுனுக்கு மூணுல ஒரு பங்கைக் கழிச்சுடுங்க, உங்க 16 கிட்டத்தட்ட அங்கதான் வந்து நிக்குது. டர்போ பெட்ரோலுக்கு இன்னும் கொஞ்சம் கூடவே கழிக்கணும், அது ஓட்டுறவர் காலைப் பொறுத்தது.

இப்போ பங்க்ல வர்றது இ20 பெட்ரோல், அஞ்சுல ஒரு பங்கு எத்தனால். எத்தனால்ல பெட்ரோலை விட மூணுல ஒரு பங்கு சக்தி கம்மி, அதனால மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். பெட்ரோலிய அமைச்சகமே 2025ல, இ20க்கு டியூன் பண்ணின வண்டில 1-2 சதவீதம், மத்ததுல 3-6 சதவீதம் குறையலாம்னு சொல்லுச்சு. ஓட்டுறவங்க சிலர் அதை விட ஜாஸ்தி குறையுதுன்னு சண்டைக்கு வர்றாங்க, அது தனி கச்சேரி. அப்புறம் டேஷ்போர்டு காட்டுற மைலேஜை நம்பாதீங்க, பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாத்தான் காட்டும். ஆட்டோ கட் ஆகுற வரைக்கும் ஃபுல் டேங்க் போட்டு ட்ரிப் மீட்டரை ஜீரோ பண்ணி, திரும்ப அதே பங்க்ல ஃபுல் போட்டு, ஓடின கிலோமீட்டரை ஊத்தின லிட்டரால வகுங்க. ரெண்டு மூணு டேங்க்கோட சராசரிதான் உங்க மைலேஜ்.

*எங்க வீடு குன்னூர் பக்கம். வேகன்ஆர் 1.0 சிஎன்ஜி 34 கொடுக்குதுன்னு சொல்றாங்க, மலைக்கு சரிப்படுமா? (வாசகர், குன்னூர்)*

வேண்டாம் சார். அந்த 1.0 எஞ்சின் பெட்ரோல்ல 67 பிஎஸ், சிஎன்ஜில ஓடும்போது 57தான். அதுக்கு மேல, டர்போ இல்லாத எஞ்சினுக்கு உயரம் ஏற ஏற காத்து லேசாகி மூச்சு வாங்கும், 1,000 மீட்டருக்கு சுமார் பத்து சதவீதம் பவர் போகும், குன்னூர் 1,800 மீட்டருக்கு மேல, ஊட்டி 2,240. கையில மிஞ்சுறது 45 சொச்சம் பிஎஸ், அதுல குடும்பத்தையும் சிலிண்டரையும் தூக்கிக்கிட்டு ஏறணும். ஃபர்ஸ்ட் கியர், செகண்ட் கியர்லயே கத்திக்கிட்டு போனா அந்த 34 எங்க வரும்? அதே வேகன்ஆர் 1.2 பெட்ரோல் 90 பிஎஸ், அதைப் பாருங்க, மேனுவலா எடுங்க. பட்ஜெட் இடம் கொடுத்தா சின்ன டர்போ பெட்ரோல், அது உயரத்துல இழக்குற காத்தை பெருமளவு தானே அமுக்கி எடுத்துக்கும். ஆட்டோமேட்டிக்தான் வேணும்னா ஏஎம்டில (மேனுவல் கியர்பாக்ஸை தானா மாத்துற வகை) ஹில் ஹோல்டு கட்டாயம் இருக்கணும், இல்லன்னா ஏத்தத்துல பிரேக்கை விட்டதும் பின்னாடி நிக்கிறவர் பம்பர்ல போய் உரசும்.

*ஓஎம்ஆர்ல தினம் 45 கிலோமீட்டர், முழுக்க டிராஃபிக். கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைப்ரிட் எடுத்தா விலை கூட கொடுத்தது திரும்பி வருமா? (வாசகி, சென்னை)*

ஹைப்ரிட்டுக்குன்னே போட்ட ரோடு மேடம் அது. சிக்னலுக்கு சிக்னல் நின்னு நின்னு போற இடத்துலதான் ஸ்ட்ராங் ஹைப்ரிட் ஜெயிக்கும், பிரேக் பிடிக்கும்போது பேட்டரில சார்ஜ் ஏறும், ஊர்ந்து போறப்போ எஞ்சின் அணைஞ்சு மோட்டார்ல போகும். ஹைவேல 100ல ஓடுறவருக்கு இந்த லாபம் பாதி கூட வராது. கம்பெனி சொல்றது 27.97, நீங்க 20 வைங்க. அதே சைஸ்ல சாதா ஆட்டோமேட்டிக் உங்க ரோட்ல 11 கொடுத்தா, கிலோமீட்டருக்கு 9.18க்கும் 5.05க்கும் நடுவுல 4 ரூபாய் 13 காசு. மாசம் 1,200 கிலோமீட்டர்னா கிட்டத்தட்ட 5,000 ரூபாய் மிச்சம். விலை 2.5 லட்சம் கூடன்னா, அதுக்கு 18 சதவீத ரோடு டாக்ஸ் 45,000 சேத்து 2.95 லட்சம், அஞ்சு வருஷத்துல சமம். ஏழெட்டு வருஷம் வச்சுக்குற ஆளுன்னா எடுங்க, மூணு வருஷத்துல மாத்துற ஆளுன்னா வேண்டாம். டிக்கில பேட்டரி இடம் பிடிச்சிருக்கும், பெரிய சூட்கேஸ் ஒன்னை கையோட எடுத்துட்டுப் போய் வச்சுப் பார்த்துடுங்க, ஏர்போர்ட் போற அன்னிக்கு கண்டுபிடிக்காதீங்க.

*கால் டாக்ஸிக்கு, மாசம் 4,000 கிலோமீட்டர். சிஎன்ஜியா டீசலா? (வாசகர், திருச்சி)*

அண்ணே, சிஎன்ஜிதான், நீங்க ஓட்டுற ஓட்டத்துக்கு பெட்ரோலை விட அதுக்கு கூட கொடுக்குற விலை ஒரே வருஷத்துல திரும்பிடும். பார்க்க வேண்டியது ரெண்டே விஷயம், உங்க ரூட்ல சிஎன்ஜி பங்க் எத்தனை இருக்கு, அங்க க்யூ எவ்ளோ நேரம், க்யூல நிக்கிற ஒரு மணி நேரமும் உங்க சம்பாத்தியம்தான். பயணிங்க பெட்டி வைக்க டிக்கி வேணும்னா ரெண்டு சின்ன சிலிண்டரை அடியில போட்டு வர்ற மாடலைப் பாருங்க, டாடாவும் ஹூண்டாயும் அப்படி கொடுக்குறாங்க. சிலிண்டருக்கு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ஹைட்ரோ டெஸ்ட் (அழுத்தம் தாங்குதான்னு பாக்குற சோதனை) மறக்காதீங்க.

*என் பட்ஜெட்டுக்கு மிட் வேரியன்ட்தான் வருது. ஏழு வருஷ லோன் போட்டா அதே இஎம்ஐல டாப் வேரியன்ட்டே எடுக்கலாம்னு ஷோரூம்ல சொல்றாங்க, இன்சூரன்ஸும் அங்கயேதான் போடணுமாம். (வாசகர், விழுப்புரம்)*

8 லட்சம் லோன், 9 சதவீத வட்டின்னு வைங்க. அஞ்சு வருஷத்துக்கு இஎம்ஐ 16,607, மொத்த வட்டி 1.96 லட்சம். ஏழு வருஷத்துக்கு இஎம்ஐ 12,871, பாக்க குளுகுளுன்னு இருக்கும், வட்டி 2.81 லட்சம். இதுவே 85,000 கூட, இதுக்கு மேல டாப் வேரியன்ட்டுக்காக லோன் தொகையையும் ஏத்தினா அதோட வட்டி தனி. அதனால மிட் வேரியன்ட், அஞ்சு வருஷம், அதுவும் கஷ்டம்னா முன்பணத்தைக் கூட்டிக்கிட்டு நாலு மாசம் கழிச்சு எடுங்க, வண்டி எங்கயும் ஓடிப் போகாது.

இன்சூரன்ஸ் அவங்ககிட்டயேதான் போடணும்னு எந்த சட்டமும் இல்ல. தேர்ட் பார்ட்டி மட்டும் புது காருக்கு மூணு வருஷத்துக்கு சேத்து கட்டணும், 1,000 சிசிக்குள்ளன்னா 6,521 ரூபாய், 1,500 சிசி வரைக்கும் 10,640, அது எந்த கம்பெனில போட்டாலும் ஒரே ரேட், ஜிஎஸ்டி தனி. மத்த பகுதிலதான் ஆளுக்கு ஒரு விலை. வெளியில ரெண்டு இடத்துல அதே ஐடிவிக்கு (இன்சூரன்ஸ்ல வண்டிக்குப் போடுற மதிப்பு), அதே ஆட்ஆன்களோட கொட்டேஷன் வாங்கி கையில வச்சுக்கிட்டு ஷோரூமுக்குப் போங்க, அங்க போட்டிருக்க விலை உங்க கண்ணு முன்னாடியே இறங்கும். பில்லுல ஹேண்ட்லிங் சார்ஜ்னு ஒரு வரி இருந்தா அது எதுக்குன்னு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க.